கொக்கியில் மாட்டிய வீடு

‘காரவான்’ என்ற சொல் காதில் விழுந்ததும் நம் ஜனங்களுக்கு ஞாபகம் வருவது சினிமா நட்சத்திரங்கள்தாம். படப்பிடிப்பு நடக்கும் தெருவோரத்தில் ஜன்னல்களையெல்லாம் அடைத்துக்கொண்டு, உள்ளே குளிர்சாதன யந்திரம் உறும, பஸ்ஸைப்போல் நீளமாக நிற்கிறதே, அந்த வண்டிக்குத்தான் இங்கே காரவான் என்று பெயர். ஆனால் இங்கிலாந்திலும் ஐரோப்பாவிலும் அந்தச் சொல்லுக்கு முக்கியமான பொருள் வேறு. அங்கே அது மத்தியதரக் குடும்பஸ்தரின் சொத்து. சொந்தக் காருக்குப் பின்னால், சக்கரம் வைத்த ஒரு சிறு வீட்டைக் கொக்கி போட்டு மாட்டிக்கொண்டு, மனைவி மக்களுடன் சமுத்திரக் கரைக்கோ மலையடிவாரத்துக்கோ கிளம்பிவிடுகிறார்கள். வீட்டினுள்ளே படுக்கை உண்டு, மேஜை உண்டு, அடுப்பு உண்டு. இயந்திரம் மட்டும் கிடையாது. கார் இழுத்தால் வரும். கார் நின்றால் தானும் நிற்கும். (நிற்கவேண்டும் என்பது எதிர்பார்ப்பு. எப்போதும் நிற்பதில்லை என்பதைப் பின்னால் சொல்லுவோம்.)

இந்த ஆசை இப்போது நம் பக்கத்துக்கும் வந்துவிட்டது. தமிழ்நாட்டு சர்க்கார் 2023-ல் வெளியிட்ட சுற்றுலாக் கொள்கையில் காரவான் பிரயாணத்துக்கும் ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். பெரும்பாக்கத்தில் நமக்குத் தெரிந்த அன்பர் ஒருவர், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர், நவக்கிரக ஸ்தலங்கள் ஒன்பதையும் சொந்த வீட்டில் உட்கார்ந்தபடியே தரிசிக்க உத்தேசித்திருக்கிறார். அவர் நம்மிடம் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “என்னிடம் கார் லைசென்ஸு இருக்கிறது. அது போதுமா, போதாதா?”

மோட்டார் வண்டி சம்பந்தமாக நம்மவர்கள் கேட்கும் முதல் கேள்வி எப்போதும் லைசென்ஸைப் பற்றியதாகவே இருக்கும். எடையைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. லைசென்ஸு விஷயத்தில் நீதிமன்றங்கள் நமக்கு எவ்வளவோ தாராளம் காட்டியிருக்கின்றன. எடை விஷயத்தில் யாரும் தாராளம் காட்ட முடியாது. சுப்ரீம் கோர்ட்டு நினைத்தாலும் ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு கிலோவுக்குக் கீழே இறக்க இயலாதல்லவா?

முதலில் சட்டம் என்ன சொல்லுகிறது என்று பார்ப்போம். இப்போது அமலிலிருக்கும் மோட்டார் வாகனச் சட்டம் 1988-ம் வருஷத்தியது. அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ‘மோட்டார் வாகனம்’ என்பதற்கு இலக்கணம் சொல்லுமிடத்தில், இயந்திரமே இல்லாத டிரெய்லரையும், அதாவது பின்வண்டியையும், மோட்டார் வாகனம் என்றே சட்டம் சேர்த்துக்கொள்ளுகிறது. ஆகையால் காருக்குப் பின்னால் வீட்டை மாட்டியதும் நாம் ஒரு வாகனத்துக்கல்ல, இரண்டு வாகனத்துக்குச் சொந்தக்காரர் ஆகிவிடுகிறோம். பின்வண்டிக்குத் தனியாகப் பதிவு வேண்டும். இன்ஷியூரன்ஸிலும் அதைச் சொல்லிச் சேர்க்க வேண்டும். பின்வண்டிக்கு உரிய எண்ணோடு, இழுக்கும் காரின் எண்ணையும் அதன்மேல் எழுதியாக வேண்டும் என்பது 61-வது பிரிவு. சொந்த உபயோகத்துக்கென்று வைத்திருக்கும் முகாம் வண்டியையும் டிரெய்லரையும் வாடகை வண்டிகளின் ஜாபிதாவில் சேர்க்காமல், சொந்தக் காரோடு ஒரே வரிசையில் மத்திய சர்க்கார் 2004-ல் வைத்துவிட்டார்கள். அந்த மட்டில் நம் அன்பருக்குச் சௌகரியந்தான்.

லைசென்ஸு விஷயத்துக்கு வருவோம். 10-வது பிரிவில் லைசென்ஸின் வகைகளை அடுக்கியிருக்கிறார்கள். கியர் உள்ள மோட்டார் சைக்கிள், கியர் இல்லாதது, இலகு ரக வாகனம், போக்குவரத்து வாகனம், ரோடு உருளை என்று போகும் அந்தப் பட்டியலில், பின்வண்டி இழுப்பவருக்கென்று தனி வகை எதுவும் இல்லை. அப்படியானால் டிரெய்லரை மாட்டியவுடன் பழைய லைசென்ஸு செல்லாமல் போய்விடுமா? இதே கேள்வி கர்நாடகத்திலிருந்து ஒரு வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் சென்றது. 2001-ல் தீர்ப்பான நாகஷெட்டி வழக்கு அது. டிராக்டர் ஓட்ட லைசென்ஸு வைத்திருந்தவர், சாமான் ஏற்றிய டிரெய்லரை மாட்டி ஓட்டுகையில் விபத்து நேர்ந்தது. டிரெய்லர் சேர்ந்தபடியால் அது போக்குவரத்து வாகனமாகிவிட்டது, அதற்கு லைசென்ஸு இல்லை, எனவே நஷ்டஈடு கொடுக்கமாட்டோம் என்றது இன்ஷியூரன்ஸ் கம்பெனி. நீதிபதிகள் அதை ஏற்கவில்லை. அவர்கள் கூறிய காரணம் நம் அன்பரைப் போன்றவர்களுக்காகவே சொன்னாற்போல் இருக்கிறது. இந்த வாதத்தை ஒப்புக்கொண்டால், சொந்தக் கார் வைத்திருக்கும் ஒருவர் கூரைமேல் சாமான் தட்டியைப் பொருத்தினாலும், பின்னால் டிரெய்லரை மாட்டினாலும், அந்தக் கணமே லைசென்ஸு அற்றவராகிவிடுவார். அது விபரீதமான முடிவாகும் என்று சொல்லிக் கம்பெனியின் வாதத்தைத் தள்ளினார்கள்.

அதற்குப் பிறகு கிளம்பியதுதான் 7,500 கிலோ விவகாரம். சட்டத்தின்படி, 7,500 கிலோவுக்கு மேற்படாத வாகனம் இலகு ரக வாகனம். 1988-ல் இது 6,000-ஆக இருந்தது, 1994-ல் திருத்தினார்கள். இதிலும் ஒரு நுட்பம் உண்டு. காருக்கும் டிராக்டருக்கும் வெறும் வண்டியின் எடையைக் கணக்கிடவேண்டும். போக்குவரத்து வாகனத்துக்கும் பஸ் ரகத்துக்கும் பாரத்தோடு சேர்ந்த மொத்த எடையைக் கணக்கிடவேண்டும். மொத்த எடை என்றால், அந்த வண்டி இவ்வளவுதான் தாங்கும் என்று பதிவுப் புத்தகத்தில் குறித்திருக்கும் எடை. கார் அல்லது சிறு வேனின் சட்டத்தின்மேல் கட்டிய காரவான் இந்த வரம்புக்குள் அடங்கக்கூடும். நட்சத்திரங்களின் வாகனத்தைப்போல் பஸ் சட்டத்தின்மேல் கட்டியது வரம்பை மீறக்கூடும். பதிவுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் அரை நிமிஷத்தில் விடை கிடைத்துவிடும். வண்டி விற்கிறவரின் வாயைப் பார்ப்பதைக்காட்டிலும் அது உத்தமம்.

சரி, கார் லைசென்ஸு வைத்திருப்பவர் 7,500-க்குட்பட்ட சரக்கு வண்டியையோ வாடகை வண்டியையோ ஓட்டலாமா? அதற்குத் தனி அனுமதி வேண்டும் என்று ஒரு சாராரும், வேண்டாம் என்று மற்றொரு சாராரும் வாதாடினார்கள். இதனிடையே அகப்பட்டுத் தவித்தவர்கள் விபத்தில் கை கால் இழந்தவர்களும், குடும்பத் தலைவனைப் பறிகொடுத்தவர்களும். டிரைவரின் லைசென்ஸில் ஒரு வரி குறைகிறது என்று சொல்லி, வருஷக்கணக்கில் அவர்களைக் கோர்ட்டு வாசலில் நிற்க வைத்தார்கள். 2017-ல் முகுந்த் தேவாங்கன் வழக்கில் மூன்று நீதிபதிகள் தனி அனுமதி வேண்டியதில்லை என்றார்கள். அந்தத் தீர்ப்பு சரிதானா என்ற சந்தேகம் மறுபடியும் எழுந்து, ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்சுக்குப் போயிற்று. 2024 நவம்பர் 6-ந் தேதி, ரம்பா தேவி வழக்கில் அந்தப் பெஞ்சும் முந்திய தீர்ப்பையே உறுதி செய்தது. இலகு ரக லைசென்ஸு உள்ளவர் 7,500 கிலோவுக்குட்பட்ட போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம். இப்படிப்பட்ட டிரைவர்களால்தான் விபத்து பெருகுகிறது என்பதற்கு எவ்விதப் புள்ளிவிவரமும் தங்கள் முன் வைக்கப்படவில்லை என்பதையும் நீதிபதிகள் குறிப்பிட்டார்கள். அபாயகரமான சரக்கு ஏற்றும் வண்டி போன்றவற்றுக்குள்ள விசேஷ நிபந்தனைகள் மட்டும் முன்போலவே இருக்கின்றன.

இது டில்லியில் வாழும் கனவான்களின் சட்ட சர்ச்சை என்று நினைக்க வேண்டாம். பெரும்பாக்கத்தின் குடிமாற்றுக் குடியிருப்புகளில் வாழும் எத்தனையோ வீடுகளின் அடுப்பு இதைப் பொறுத்திருக்கிறது. கூவத்தின் கரையிலும் அடையாற்றின் கரையிலும் குடிசை போட்டிருந்தவர்களை, முக்கியமாக 2015-ம் வருஷத்து வெள்ளத்துக்குப் பின், ஆயிரக்கணக்கில் இங்கே கொண்டுவந்து குடியேற்றினார்கள். வீடு மாறியது, வேலை நகரத்திலேயே தங்கிவிட்டது. அப்படி வந்த குடும்பங்களின் பிள்ளைகள் பலருக்கு, கையில் இருக்கும் ஒரே மூலதனம் கார் லைசென்ஸு.

நம்மிடம் படித்த பையன் ஒருவனின் தகப்பனார் வந்து கேட்டார்: “பையன்கிட்டே கார் லைசென்ஸுதான் இருக்கு, ஸார். அதை வைச்சுக்கிட்டுக் குட்டி யானை ஓட்டினால் பிடிச்சுட மாட்டாங்களே?” குட்டி யானை என்பது 2005 முதல் நம் தெருக்களில் நடமாடும் சிறு சரக்கு வண்டி. முக்கால் டன் அளவு சரக்கைச் சுமந்துகொண்டு, பாத்திரம் பண்டம், பீரோ, கட்டில் சகிதம் எத்தனையோ குடும்பங்களைப் பெரும்பாக்கத்துக்குக் கொண்டுவந்து சேர்த்த வாகனம். அதன் மொத்த எடை 7,500-க்கு எத்தனையோ கீழே. ஆகவே தீர்ப்பின் சாரத்தை அவருக்கு எடுத்துச் சொல்லி, தாராளமாக ஓட்டட்டும் என்றோம்.

சில மாதங்கள் கழித்துப் பையனே வந்தான். “தண்ணி லாரிக்கு ராத்திரியிலே ஆள் வேணுமாம், ஸார். கோர்ட்டே சொல்லிட்டுது, உன் லைசென்ஸு போதும்னு முதலாளி சொல்றார்” என்றான். கோர்ட்டு சொன்னது எதுவரைக்கும் என்பதை முதலாளி சௌகரியமாக மறந்துவிட்டார்! லாரியில் எத்தனை லிட்டர் என்று கேட்டோம். 12,000 என்றான். “ஒரு லிட்டர் தண்ணீர் எத்தனை கிலோ?” என்றோம். பையன் விரலை மடக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. தண்ணீர் மாத்திரமே 12 டன். லாரியின் சொந்த எடை அதற்கு மேலே. 7,500 கிலோ எங்கே, இது எங்கே! அந்த லாரி ஒருவர்மேல் மோதினால், உரிய லைசென்ஸு இல்லாமல் ஓட்டியதற்காகப் பையனுக்கு 181-வது பிரிவின் கீழ் 5,000 ரூபாய் அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ கிடைக்கலாம். ஓட்டவிட்ட சொந்தக்காரருக்கும் 180-வது பிரிவு உண்டு. இன்ஷியூரன்ஸ் கம்பெனி பாதிக்கப்பட்டவருக்கு முதலில் கொடுத்துவிட்டு, பிறகு அந்தத் தொகையைச் சொந்தக்காரரிடம் வசூலித்துக்கொள்ள நீதிமன்றம் உத்தரவிடலாம். அந்தச் சொந்தக்காரர் என்ன செய்வார், தம்முடைய டிரைவரை எப்படி நடத்துவார் என்பதை நாம் விவரிக்க வேண்டியதில்லை.

பெரிய வண்டி ஓட்ட நேரான வழி இருக்கிறது. வயது 20 ஆகியிருக்க வேண்டும், இலகு ரக லைசென்ஸு பெற்று ஒரு வருஷம் சென்றிருக்க வேண்டும், அதன்பின் எல்.எல்.ஆர். வாங்கிப் பழகிப் பரீட்சை கொடுக்கலாம். முன்பெல்லாம் எட்டாம் வகுப்புத் தேறியிருக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. 2019-ல் அதை எடுத்துவிட்டார்கள். உபாத்தியாயராகிய நாம் இதற்கு வருத்தப்பட வேண்டும் என்று சிலர் எதிர்பார்க்கலாம். நமக்கு வருத்தமில்லை. பையன் அந்த ராத்திரி வேலைக்குப் போகவில்லை, எல்.எல்.ஆர். வாங்கிவிட்டான்.

இனி, வீட்டை இழுத்துச் செல்லும் குடும்பஸ்தருக்கு வருவோம். தண்ணீர் லாரிக்குப் போட்ட அதே கணக்கைத்தான் இவரும் போடவேண்டும். பின்வண்டியின் பதிவில் இரண்டு எடைகள் இருக்கும். ஒன்று வெறும் வண்டியின் எடை. மற்றொன்று மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசந்தான் நாம் ஏற்றக்கூடிய சாமான். உதாரணத்துக்கு, வெறும் எடை 800, மொத்த எடை 1,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். மீதி 200 கிலோ. ‘அடேயப்பா, 200 கிலோவா!’ என்று தோன்றும். நூறு லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் பாதி தீர்ந்துபோயிற்று. சமையல் காஸ் சிலிண்டரில் வாயு 14.2 கிலோதான், இரும்பையும் சேர்த்தால் சுமார் 30. மெத்தை, போர்வை, அரிசி, பருப்பு, பாத்திரம், மழைக்கு ஒரு கித்தான், வெயிலுக்கு ஒரு மின்விசிறி, இட்லி மாவுக்கு ஒரு கிரைண்டர்! நவக்கிரக யாத்திரைக்காக நம் அன்பரின் வீட்டில் தயாரித்த ஜாபிதாவை நாம் பார்த்தோம். அதில் ஆட்டுக்கல் இல்லை என்பது ஒன்றுதான் ஆறுதல்.

பதிவில் கண்ட மொத்த எடைக்கு மேல் பாரம் ஏற்றி எந்த மோட்டார் வாகனத்தையும், எந்த டிரெய்லரையும் ஓட்டக்கூடாது என்பது 113-வது பிரிவு. மீறினால், 2019-ம் வருஷத் திருத்தத்தின் பிறகு, சட்டத்தில் கண்ட அபராதம் 20,000 ரூபாய். அதிகப்படியான ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000 ரூபாய். அதிகமான சாமானை அங்கேயே இறக்கவும் வேண்டும், இறக்கும் செலவும் நம்முடையதே. எடை போட வண்டியை நிறுத்த மறுத்தால் 40,000. ஓட்டுகிறவர் சொந்தக்காரர் அல்லவென்றால், சொந்தக்காரருக்குத் தெரிந்தே அல்லது அவர் உத்தரவின் பேரிலேயே குற்றம் நடந்தது என்று கோர்ட்டு அனுமானித்துக்கொள்ளலாம் என்றும் அதே 113-வது பிரிவு கூறுகிறது. தண்ணீர் லாரி முதலாளிகள் இந்த வரியை ஒரு தரம் படித்துப் பார்ப்பது நல்லது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் இன்னொரு கேள்வி இருக்கிறது: இழுக்கும் காருக்குத் திராணி உண்டா? காரோடு கொடுக்கும் கையேட்டில் இது எழுதியிருக்கும். நம் நாட்டுச் சிறு கார்கள் சிலவற்றின் கையேட்டில், இந்தக் கார் ஜனங்களையும் சாதாரணச் சாமானையும் ஏற்றத்தான் செய்யப்பட்டது, டிரெய்லர் இழுப்பதற்கல்ல என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. பட்டறையில் கொக்கியைப் பற்றவைப்பது சுலபம். எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் அந்தக் கொக்கி விஷயம் தெரியாது.

காரவான்கள் நிறைந்த இங்கிலாந்தில் என்ன செய்கிறார்கள்? 1997 ஜனவரிக்குப் பிறகு கார் லைசென்ஸு பெற்றவர்கள் கனமான பின்வண்டியை இழுக்கத் தனிப் பரீட்சை தேற வேண்டும் என்று வெகுகாலம் விதி இருந்தது. லாரி டிரைவர்களுக்குப் பஞ்சம் வந்து, பரீட்சை எடுக்கும் அதிகாரிகளுக்கு நேரம் போதாமற்போகவே, 2021 டிசம்பர் 16 முதல் அந்தப் பரீட்சையை ரத்துசெய்து, 3,500 கிலோ வரை இழுக்கலாம் என்று விட்டுவிட்டார்கள். அதாவது அங்கேயும் லைசென்ஸு விதி நெகிழ்ந்தது. ஆனால் பிரேக் இல்லாத பின்வண்டி 750 கிலோவுக்கோ, இழுக்கும் காரின் எடையில் பாதிக்கோ, இவற்றில் எது குறைவோ அதற்கு மேற்படக்கூடாது என்ற விதி நெகிழவில்லை. ஓடும்போது காரவானுக்குள் யாரும் உட்கார்ந்திருக்கக்கூடாது என்பதும் நெகிழவில்லை. நம் ஊரிலே, கலியாணத்துக்கும் திருவிழாவுக்கும் டிராக்டரின் பின்வண்டி நிறைய ஜனங்களை ஏற்றிக்கொண்டு செல்லும் காட்சியைப் பார்க்கும்போதெல்லாம் நமக்கு வயிற்றைக் கலக்குகிறது.

இந்த விதிகளின் காரணத்தை மேடவாக்கம் சோழிங்கநல்லூர் சாலையில் தண்ணீர் இழுக்கும் டிராக்டரின் பின்னால் பத்து நிமிஷம் சென்றாலே அறியலாம். டிராக்டர் பிரேக் போடுகிறது. தொட்டி வண்டி, முன்னே இருப்பது தன் எஜமானன் என்பதை மறந்து, அதைப் பிடித்துத் தள்ளுகிறது. பிரேக் இல்லாத பின்வண்டி எப்போதும் இப்படித்தான். இழுக்கும் வண்டியைக்காட்டிலும் அது கனமாக இருந்தால், வளைவில் அதைப் பக்கவாட்டில் திருப்பியே விடும். போதாக்குறைக்குத் தொட்டி பாதி நிறைந்திருந்தால் உள்ளே தண்ணீர் முன்னும் பின்னும் அலைமோதி வண்டியை உலுக்கும்.

காரவானுக்கு இன்னொரு அபாயமும் உண்டு. கனமான சாமானைப் பின்கோடியில் வைத்தால், கொக்கியின்மேல் இறங்கவேண்டிய பாரம் குறைந்து, வண்டியின் வால் ஆட ஆரம்பிக்கும். வேகம் கூடக்கூட ஆட்டமும் கூடும். கடைசியில் பாம்பு நெளிவதுபோல் நெளிந்து காரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். ஆகையினால் கனமான பொருள்களைத் தரையோடு தரையாக, சக்கரங்களின் அச்சுக்கு மேலேயோ அதற்குச் சற்று முன்னேயோ வைக்கவேண்டும். பரணில் மெத்தை, தலையணை போதும். ஆடத் தொடங்கிவிட்டால் ஸ்டியரிங்கைப் பிடித்துத் திருப்பாமல், வேகத்தைக் கூட்டாமல், காலை எடுத்து மெதுவாகத் தணிய விடவேண்டும்.

எடையை எங்கே போடுவது என்று கவலைப்பட வேண்டாம். லாரிகள் போகும் பெருஞ்சாலைகளில் எடைமேடைகள் இருக்கின்றன. சொற்பக் கட்டணத்துக்குச் சீட்டுக் கொடுத்துவிடுவார்கள். புறப்படுகிற அன்றைக்குத் தண்ணீரை நிரப்பி, சாமானை ஏற்றி, பின்வண்டியைக் கழற்றி மேடையில் நிறுத்தி அதன் எடையைப் பாருங்கள். பிறகு காரையும் சேர்த்து நிறுத்துங்கள். இரண்டு சீட்டுக்களையும் பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பி வருகிற அன்றைக்கும் ஒரு தரம் போட்டுப் பார்ப்பது அவசியம். கும்பகோணத்தில் வாங்கிய பித்தளைக் குத்துவிளக்குகளும், வழியைச் சற்றே நீட்டிக்கொண்டுபோய் வாங்கி வந்த ஆத்தங்குடித் தரைக் கற்களும் போகும்போது வண்டியில் இருக்கவில்லையே.